தொகையை விரித்தால் உருபு தெரியும்: ஆங்கிலப் பெயர்ச்சொல்லை அடுத்து வரும் முன்னிடைச்சொல்

'மண்ணெண்ணெய் விலை உயர்வு எதிர்ப்பு' என்பது நான்கு சொற்கள் கொண்ட ஒரு தலைப்பு. நான்கில் ஒன்றிலும் வேற்றுமை உருபு இல்லை. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகளை மண்ணெண்ணெயில் ஓட்டும் கற்பிட்டி, உடப்பு, சிலாபம் பகுதிக் கடற்றொழிலாளர்களுக்கு இந்தத் தலைப்பை யாரும் விளக்கத் தேவையில்லை. இதையே ஆங்கிலக் கடிதத்தில் எழுத உட்கார்ந்தால் சொற்களுக்கு இடையே மூன்று இடங்களில் கை நின்றுவிடும்: 'ஒப்பொசிஷன் டு தி இன்க்ரீஸ் இன் த பிரைஸ் ஒஃப் கெரசீன்'. 'டு', 'இன்', 'ஒஃப்' என்று மூன்று வேறுபட்ட முன்னிடைச்சொற்கள். இந்த மூன்று இடத்திலும் 'ஒஃப்' போட்டு எழுதுவதுதான் இந்தக் கரையோரத்தில் ஆங்கிலம் எழுதுவோரிடம் அதிகம் காணும் பிழை. பரீட்சை எழுதும் மாணவர், சங்கச் செயலாளர், சுற்றுலா விடுதியில் கணக்கு எழுதுபவர் எல்லோருக்கும் அது பொது. பிழை ஏன் வருகிறது என்று தெரிந்தால் அதைத் திருத்தும் வழியும் அங்கேயே கிடைக்கும். அந்த வழி தமிழ் இலக்கண வகுப்பில் நாம் ஏற்கெனவே கற்ற வழி என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

தமிழில் இரண்டு பெயர்ச்சொற்களைப் பக்கத்தில் வைத்தால் போதும், உறவு தானாக விளங்கிவிடும். மரப்படகு என்றால் மரத்தால் செய்த படகு. உப்புமூட்டை என்றால் உப்பை உடைய மூட்டை. உருபும் அதன் பொருளை விளக்கும் சொல்லும் சேர்ந்து மறைந்திருக்கின்றன. இதை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பாடசாலையில் படித்தோம். தொகையை விரித்து எழுதும் பயிற்சியும் செய்தோம். பேச்சிலும் பத்திரிகையிலும் நாம் தொகையாகவே சிந்திக்கிறோம்: வலைச் சேதம், எரிபொருள் தட்டுப்பாடு, கரையோரப் பாதுகாப்பு, விலை உயர்வு. மறைந்த உருபு எது என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. ஆங்கிலமோ பெரும்பாலான இடங்களில் அந்த உறவை வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறது. எதை வைப்பது என்று தெரியாதபோது, 'உடைய' என்ற பொருளுக்கு முதல் நாளே கற்ற 'ஒஃப்' கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே இது ஆங்கில அறிவின் குறை என்பதைவிட, தொகையை விரிக்காமலே மொழிபெயர்க்கப் புறப்பட்டதன் விளைவு என்பதே சரி.

ஆங்கிலத்திலும் 'ஃபியூவல் பிரைஸ் ஹைக்' என்று தலைப்பு போடுகிறார்களே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான், பத்திரிகைத் தலைப்பில் அது செல்லும். ஆனால் ஒரு கடிதத்தின் வசனத்தில் அது ஓரளவுக்கு மேல் செல்லாது. 'நெட் டமேஜ்' என்று எழுதிவிடலாம். 'எங்கள் மூன்று வலைகளுக்கும் ஒரு இயந்திரத்துக்கும் ஏற்பட்ட சேதம்' என்று எழுத வேண்டி வந்தால் 'டமேஜ் டு' இல்லாமல் நகர முடியாது. அதிகாரி வாசிக்கும் விண்ணப்பத்தில் விவரம்தான் முக்கியம். விவரம் சேரச் சேர முன்னிடைச்சொல்லின் தேவையும் கூடுகிறது.

வழி இதுதான். ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன் தொகையைத் தமிழில் முழுதாக விரியுங்கள். 'ஏற்பட்ட', 'செய்த', 'உள்ள' போன்ற ஒரு பெயரெச்சத்தை இடையில் போட்டால் மறைந்த உருபு வெளியே வந்துவிடும். விலை உயர்வு என்பது விலையில் ஏற்பட்ட உயர்வு. ஏழாம் வேற்றுமை 'இல்' வந்தது. ஆங்கிலமும் 'இன்க்ரீஸ் இன்' என்கிறது. வீழ்ச்சி, மாற்றம், முன்னேற்றம், தாமதம் என்று ஏறுவதும் இறங்குவதும் மாறுவதுமான பெயர்கள் பெரும்பாலும் இப்படியே. ஆர்வம், நம்பிக்கை, அனுபவம், பயிற்சி ஆகியவையும் தமிழில் 'இல்' ஏற்கும், ஆங்கிலத்தில் 'இன்' ஏற்கும். விலையினது உயர்வு என்று ஆறாம் வேற்றுமையாகவும் விரிக்கலாமே என்றால், 'உடைய' போட்டுச் சொல்லிப் பாருங்கள். மீனுடைய விலை, படகினுடைய சொந்தக்காரர் என்பவை இயல்பாக ஒலிக்கின்றன. அங்கே 'ஒஃப்' சரி. விலையினுடைய உயர்வு என்று யாரும் பேசுவதில்லை. காது ஏற்காத இடத்தில் 'ஒஃப்' வேண்டாம். ஒரு நுட்பத்தை மட்டும் இங்கே கவனிக்க வேண்டும்: ஏறிய பொருளுக்கு 'இன்', ஏறிய அளவுக்கு 'ஒஃப்'. 2022இல் நடந்தது 'ஆன் இன்க்ரீஸ் ஒஃப் 253 ருபீஸ் இன் த பிரைஸ் ஒஃப் கெரசீன்'. முதல் 'ஒஃப்' ஏறிய அளவைக் காட்டுகிறது, 'இன்' எது ஏறியது என்பதைக் காட்டுகிறது, கடைசி 'ஒஃப்' விலை எதனுடையது என்பதைக் காட்டுகிறது. ஒரே வசனத்தில் மூன்றும் வந்தாலும் ஒன்றோடொன்று மோதவில்லை.

தலைமைச் சொல் ஒன்றாகவே இருந்தும் உருபு மாறுவதற்கு இந்தக் கரையோரமே நல்ல சான்று தருகிறது. கரையோரப் பாதுகாப்பு, கடலரிப்புப் பாதுகாப்பு என்ற இரண்டு தொடர்களும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. விரித்தால் முதலாவது கரையோரத்தைப் பாதுகாத்தல், இரண்டாவது கடலரிப்பிலிருந்து பாதுகாத்தல். இரண்டாம் வேற்றுமைக்கு 'ப்ரொடெக்ஷன் ஒஃப் த கோஸ்ட்' வரும். நீங்கலைக் காட்டும் ஐந்தாம் வேற்றுமைக்கு 'ப்ரொடெக்ஷன் ஃப்ரம் ஈரோஷன்' வரும். விரிக்காமல் எழுதி இரண்டுக்கும் 'ஒஃப்' போட்டவர், கடலரிப்பைப் பாதுகாக்கும்படி திணைக்களத்தைக் கேட்டவராகிறார். வெடிமருந்தைப் பயன்படுத்தல், கண்டலை அழித்தல் என்று 'ஐ' தெளிவாக வெளிவரும் இடங்களில் 'யூஸ் ஒஃப்', 'டிஸ்ட்ரக்ஷன் ஒஃப்' என்று 'ஒஃப்' தயங்காமல் எழுதலாம்.

இனி, இந்த முறைக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான ஆட்சேபத்துக்கு வருவோம். நான்காம் வேற்றுமைக்குத் தமிழில் ஒரே உருபு, 'கு'. ஆங்கிலத்தில் அது 'டு' ஆகவும் வருகிறது, 'ஃபோர்' ஆகவும் வருகிறது. வலைக்குச் சேதம் 'டமேஜ் டு'. மீனுக்குக் கிராக்கி 'டிமாண்ட் ஃபோர்'. உருபைக் கண்டுபிடித்த பிறகும் பாதி வழியில்தானே நிற்கிறோம்? நிற்கிறோம். ஆனால் மீதி வழிக்கும் நம் இலக்கணம் துணை தருகிறது. நன்னூலில் பவணந்தி நான்காம் வேற்றுமைக்கு ஒரு பொருள் என்று சொல்லி நிறுத்தவில்லை. கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று ஏழு பொருள்களைப் பிரித்துச் சொல்கிறார். அந்தப் பிரிவை ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியக்கத்தக்க ஒழுங்கு தெரிகிறது. கொடைப் பொருள் 'டு' பக்கம் நிற்கிறது: உடப்பு திரௌபதி அம்மன் கோயிலுக்குக் கொடுக்கும் நன்கொடை 'டொனேஷன் டு', சங்கத்துக்குச் செய்யும் பங்களிப்பு 'கொன்ட்ரிபியூஷன் டு'. பகைப் பொருளும் அங்கேதான்: அச்சுறுத்தல், ஆபத்து, சேதம், எதிர்ப்பு, ஆட்சேபம் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் 'டு' ஏற்கின்றன. நேர்ச்சி என்பது ஒன்றோடு ஒன்று பொருந்தி வருவது. கேள்விக்குப் பதில், கடிதத்துக்கு மறுமொழி, பிரச்சினைக்குத் தீர்வு, மண்ணெண்ணெய்க்கு மாற்று என்பவை அந்த வகையில் சேரும். 'ஆன்சர்', 'ரிப்ளை', 'சொலூஷன்', 'ஓல்டர்நேட்டிவ்' நான்கும் பொதுவாக 'டு' கேட்கின்றன. உறவு முறையைச் சொல்லும் முறைப் பொருளும் அப்படியே. சொத்துக்கு வாரிசு 'எயார் டு'. மறுபக்கம் பொருட்டு என்ற பொருள் முழுக்க 'ஃபோர்' பக்கம்: தேவை, கோரிக்கை, விண்ணப்பம், கிராக்கி, கொடுப்பனவு. ஒன்று இன்னொன்றாக ஆவதைக் குறிக்கும் அதுவாதலும் அங்கேதான். படகுக்கு மரம் 'டிம்பர் ஃபோர் த போட்'. தகவு ஒன்றுதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தகுதி என்ற கருத்தில் 'சூட்டபிலிட்டி ஃபோர்' வரும். உரிமை என்ற கருத்தில் 'ரைட் டு' வரும். கடற்கரைக்குப் போய்வரும் வழியை விடுதிக்காரர் அடைத்துவிட்டார் என்று முறையிடுபவர் 'அக்ஸஸ் டு த பீச்' என்று எழுத வேண்டும்.

பேனாவைக் கையில் வைத்திருக்கும் நேரத்தில் ஏழு பொருளையும் நினைவில் கொண்டுவர வேண்டியதில்லை. 'வேண்டி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்த்தால் போதும். அனுமதிப்பத்திரத்துக்கு வேண்டி விண்ணப்பம் என்பது பொருந்துகிறது. இன்னும் கைக்கு வராத ஒன்றை நாடி நிற்கிறோம், எனவே 'எப்ளிகேஷன் ஃபோர் எ லைசன்ஸ்'. வலைக்கு வேண்டிச் சேதம் என்பது பொருந்தவில்லை. சேதம் ஏற்கெனவே வலையைச் சென்று சேர்ந்துவிட்டது, எனவே 'டு'. நாடி நிற்பதற்கு 'ஃபோர்', சென்று சேர்வதற்கு 'டு' என்ற இந்தப் பிரிவு கடிதங்களில் வரும் 'கு'க்களில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

பெரும்பகுதி என்றுதான் சொல்ல முடியும். சில சொற்கள் எந்த விரிப்புக்கும் அடங்காதவை. அவற்றை மறைக்காமல் சொல்லிவிடுவதே கற்பவருக்கு நல்லது. எரிபொருளுக்குத் தட்டுப்பாடு என்று தமிழில் 'கு' வருகிறது, ஆங்கிலத்தில் 'ஷோர்டேஜ் ஒஃப்'. பற்றாக்குறை, இன்மை, அருமை என்று இல்லாமையைச் சொல்லும் பெயர்களை ஆங்கிலம் ஓர் அளவைப்போலக் கருதி, ஒரு லீற்றர் எண்ணெய் என்பதற்குப் போடும் அதே 'ஒஃப்' ஐப் போடுகிறது. காரணம் என்ற சொல் இன்னும் சிக்கலானது. தாமதத்துக்குக் காரணம் என்பதை 'ரீசன் ஃபோர்' என்றும் எழுதலாம், 'கோஸ் ஒஃப்' என்றும் எழுதலாம். இரண்டின் முன்னிடைச்சொல்லையும் மாற்றிப் போட முடியாது. தடை, வரி, கட்டுப்பாடு ஆகியவை மூன்றாவது கூட்டம். இழுவைமடியைத் தடை செய்தல் என்று விரித்தால் 'ஐ' வருகிறது. அதை நம்பி 'ஒஃப்' போட்டால் தவறு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது 'பேன் ஒன் பொட்டம் ட்ரோலிங்'. இங்கே 'மீதான' என்ற சொல்லைப் போட்டுப் பார்க்க வேண்டும். இழுவைமடி மீதான தடை, டீசல் மீதான வரி, வலையின் கண் அளவு மீதான கட்டுப்பாடு என்று 'மீதான' இயல்பாகப் பொருந்தினால் 'ஒன்'. தாக்கம், அழுத்தம், செல்வாக்கு, தாக்குதல் எல்லாம் இதே கூட்டம். ஏதோ ஒன்று இன்னொன்றின் மேல் பாரமாக இறங்குகிறது என்ற உணர்வு இரு மொழிக்கும் பொது.

தாக்கம் என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் புத்தளம் களப்பைப் பற்றி எழுதும் எவருக்கும் அது தேவைப்படும். 1980களிலிருந்து இம்மாவட்டத்தில் பெருகிய இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. 1990களில் வெண்புள்ளி நோய் அந்தப் பண்ணைகளையே வெறுமையாக்கியது. இதை எழுதும் மாணவர் 'இறால் பண்ணைத் தாக்கம்' என்று தொடங்குவார். தாக்கியது யார், தாக்கப்பட்டது எது என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்தத் தொகையில் இடம் இருக்கிறது. செய்தவருக்கு 'ஒஃப்', படுவதற்கு 'ஒன்': 'த இம்பாக்ட் ஒஃப் ஷ்ரிம்ப் ஃபாம்ஸ் ஒன் மேங்குரோவ்ஸ்'. நோயின் கதையைச் சொல்லும்போது பண்ணைகள் 'ஒன்' பக்கம் போய்விடும்: 'த இம்பாக்ட் ஒஃப் த டிசீஸ் ஒன் ஷ்ரிம்ப் ஃபாம்ஸ்'. முன்னிடைச்சொல் இரண்டும் இடம் மாறினால் வரலாறே தலைகீழாகிவிடும்.

எப்படியும் வாசிப்பவருக்கு விளங்கிவிடும், இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதிலின் தொடக்கம். பல இடங்களில் விளங்கும்தான். ஆனால் உரிமையும் பணமும் சம்பந்தப்பட்ட கடிதங்களில் 'விளங்கிவிடும்' என்பது போதாது. 'மீனவர் முறைப்பாடு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர் செய்த முறைப்பாடு என்றால் 'கொம்ப்ளெயின்ட் ஒஃப்' அல்லது 'பை'; மீனவருக்கு எதிராக மற்றவர் செய்த முறைப்பாடு என்றால் 'எகெய்ன்ஸ்ட்'; மீனவர்களின் நடத்தையைப் பற்றியது என்றால் 'அபௌட்'. தமிழ்த் தொகை மூன்றையும் தாங்கும். சூழல் தெரிந்த தமிழ் வாசகர் பிரித்துக்கொள்வார். ஆங்கிலக் கடிதத்தைக் கொழும்பில் வாசிப்பவருக்கு அந்தச் சூழல் தெரியாது. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி மேற்குக் கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கிய நாட்களை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு நேரத்தில் எழுதும் இழப்பீட்டுக் கோரிக்கையில் 'கிளெய்ம் எகெய்ன்ஸ்ட்' யார்மேல் என்பதையும், 'கொம்பென்சேஷன் ஃபோர்' எதற்கு என்பதையும், 'டமேஜ் டு' எந்தப் பொருளுக்கு என்பதையும் சொல்கிறது. மூன்றில் ஒன்று பிசகினாலும் கோப்பு விளக்கம் கேட்டுத் திரும்பி வரும்.

தமிழில் நினைப்பதை விட்டுவிட்டு ஆங்கிலத்திலேயே சிந்தித்தால் இந்தச் சுற்று வழி எதற்கு என்பது இன்னொரு ஆட்சேபம். ஆங்கிலத்தை வீட்டிலும் வேலையிலும் நாள் முழுக்கக் கேட்பவருக்கு அது பொருந்தும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆயினும் முந்தலிலும் பாலாவியிலும் அது பெரும்பாலும் தாளில் வாழும் மொழிதான்; கேட்டுப் பழகும் வாய்ப்பு குறைவு. அலுவலகத்திலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்துப் பின்பற்றலாம் என்றாலும் எச்சரிக்கை தேவை. சிங்களமும் தமிழைப்போலப் பெயருக்குப் பின்னால் உருபு சேர்க்கும் மொழி; அதை எழுதியவருக்கும் நம் சிக்கலே இருந்திருக்கக்கூடும். தமிழ்ப் புலமை ஆங்கிலத்துக்குத் தடை என்ற எண்ணத்துக்கு இந்த மண்ணிலேயே மறுப்பு உண்டு. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை பற்றிய ஆங்கில 'கெஸட்டியர்' நூலை வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரில் ஆங்கிலத்திலேயே எழுதினார். ஒரு மொழியின் ஆழம் மற்றொன்றுக்கு இடையூறாக இருந்ததாக அந்த நூல்கள் காட்டவில்லை.

ஓர் எல்லையை மட்டும் தாண்டக் கூடாது. இந்த முறை பெயர்ச்சொல்லுக்கு உரியது, வினைச்சொல்லுக்கு உரியதல்ல. தமிழில் விலையைப் பற்றிய கலந்துரையாடல் என்றாலும் விலையைப் பற்றிக் கலந்துரையாடினோம் என்றாலும் 'பற்றி' வருகிறது. ஆங்கிலத்தில் பெயருக்கு 'டிஸ்கஷன் அபௌட்' வரும். வினையாகும்போது 'டிஸ்கஸ்' எதையும் ஏற்காமல் நேராகச் செயப்படுபொருளைப் பிடிக்கும். 'ரிக்வெஸ்ட்', 'டிமாண்ட்', 'ஆன்சர்', 'விசிட்', 'லாக்' ஐந்தும் அப்படியே. 'எ ரிக்வெஸ்ட் ஃபோர் ஐஸ்' சரி, 'வீ ரிக்வெஸ்ட் ஃபோர் ஐஸ்' பிழை. 'எ விசிட் டு கல்பிட்டிய' சரி, 'தே விசிட்டட் டு கல்பிட்டிய' பிழை. டொல்பின் பார்க்க வருவோருக்கு விளம்பரப் பலகை எழுதும் இளைஞர்கள் இந்தக் கடைசி இணையைக் கட்டாயம் மனதில் இருத்த வேண்டும்.

விரித்தும் ஐயம் தீராத சொல்லுக்கு அகராதி இருக்கிறது, ஆனால் சரியான அகராதி. தமிழ்ப் பொருள் மட்டும் தரும் சிறு அகராதி இங்கே உதவாது. யப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோன்பி, பிறமொழியார் தடுமாறும் இடங்களைக் கண்டு 1942இல் தொகுத்த அகராதியின் வழிவந்ததே இன்றைய ஒக்ஸ்ஃபோர்ட் 'அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்' அகராதி; அதில் பெயருக்கு அருகிலேயே அது ஏற்கும் முன்னிடைச்சொல் தடித்த எழுத்தில் இருக்கும். 1986இல் வெளிவந்த 'பிபிஐ' சொற்சேர்க்கை அகராதி இந்தச் சேர்க்கைகளுக்கென்றே தொகுக்கப்பட்டது. அதன் தொகுப்பாளர்கள் 'ஒஃப்' வரும் பெயர்களைப் பெரும்பாலும் பட்டியலில் சேர்க்கவில்லை. அவை எளிதில் ஊகிக்கக்கூடியவை என்று கருதினார்கள். அந்த முடிவு நமக்கும் ஒரு செய்தி சொல்கிறது: 'ஒஃப்' கற்பதற்கு நேரம் செலவிட வேண்டாம், அது தானாக வரும்; அது வரக்கூடாத இடங்களைக் கற்பதே வேலை. ஆங்கிலேயரிடையேயும் 'சொலூஷன் டு', 'சொலூஷன் ஃபோர்' போன்ற சில இரட்டை வழக்குகள் உண்டு. அகராதி இரண்டையும் தந்தால் எதை எழுதினாலும் பிழையில்லை. அதில் நேரத்தை இழக்காதீர்கள்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் இந்த வாரப் பத்திரிகையிலிருந்து பத்துத் தலைப்புகளைக் கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் பெயரெச்சம் போட்டு விரியுங்கள். வெளிவந்த உருபின் கீழ்க் கோடிடுங்கள். 'கு' வந்தால் 'வேண்டி' சேர்த்தும், தடை, வரி, தாக்கம் வந்தால் 'மீதான' சேர்த்தும் பாருங்கள். அதன் பிறகே ஆங்கிலத்தில் எழுதி அகராதியோடு ஒப்பிடுங்கள். பிழையானவற்றை மட்டும் தனிப் பக்கத்தில், முன்னிடைச்சொல்லோடு சேர்த்து ஒரே சொல்லாக எழுதி வையுங்கள். 'டமேஜ்' என்று தனியே எழுதாதீர்கள், 'டமேஜ் டு' என்றே எழுதுங்கள்.